மூன்றாம் நம்பர் பத்தில் எரிந்த வியாழக்கிழமை

எங்கள் பெட்டியை வாங்க வெளிநாட்டிலிருந்து வந்த ஹெல்கா அம்மையார், அதன் மூன்றாவது துளையில் சோதனை வயரைச் சொருகினார். அவருடைய லேப்டாப் திரையில் பத்தாவது கட்டம் பச்சையாக எரிந்தது.

வயரை எடுத்தார். பத்து அணைந்தது. மறுபடி மூன்றில் சொருகினார். மறுபடியும் பத்து. சரி என்று நான்கில் சொருகிப் பார்த்தார். ஒன்பது எரிந்தது.

அறையில் ஐந்து பேர் நின்றிருந்தோம். ஏ.சி. மட்டும் கடகடவென்று சத்தம் போட்டது. எங்கள் ஏ.சி.க்கு எப்போதுமே இடம் பொருள் தெரியாது.

முதலாளி ராகவேந்திரா சார் சிரித்தார். அவர் சந்தோஷப்பட்டால் முறைப்பார், பயந்தால்தான் சிரிப்பார். "லேப்டாப் சூடாகியிருக்கும் மேடம்" என்றார். குளிர்நாட்டிலிருந்து வந்த லேப்டாப், விவேக் நகர் சூட்டில் மயங்கி மூன்றைப் பத்து என்று வாசிக்கிறதாம்! ஹெல்கா அம்மையார் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

இது நடந்து ரொம்ப நாளாகவில்லை. இந்தத் தொடரை எழுத ஆரம்பித்த பிறகு, போன மழைக்காலத்தில் நடந்தது. நினைவுக் குறிப்பு என்றால் முப்பது வருஷமாவது ஊற வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். இது ஊறும்வரை என்னால் காத்திருக்க முடியாது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் மகத்தான தொழில்

கம்பெனியில் என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "எலக்ட்ரானிக்ஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். முழுதாகச் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் கையில் இருக்கும் காபி ஆறிவிடும். நீங்கள் காபியைக் குடித்துவிட்டு வாருங்கள், சொல்கிறேன்.

வெளிநாட்டில் பூமிக்கடியில் ஒரு பெரிய கூடம். அணுவைவிடச் சின்னத் துகள்களைப் பிடித்து, வேகமாக ஓடவிட்டு, ஒன்றோடு ஒன்று மோத வைக்கிறார்கள். நம் ஊர் சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்கில் தினமும் இலவசமாக நடப்பதுதான். அங்கே அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். மோதிச் சிதறும் துணுக்குகள் எந்தப் பக்கம் போயின என்று பார்க்கச் சுற்றிலும் கருவிகளை வைத்திருக்கிறார்கள். அந்தக் கருவிகள் சொல்வதையெல்லாம் வாங்கி, ஒளியாக மாற்றி, கண்ணாடி இழை வழியாக அனுப்பி வைக்கும் பெட்டிதான் நாங்கள் செய்வது. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு ஆள் ஆயுசு முழுக்கப் பார்த்த சினிமாவையெல்லாம் அனுப்பிவிடும். அவ்வளவு வேகம்.

பெட்டிக்குள் தலைமுடி மாதிரி பன்னிரண்டு கண்ணாடி இழைகள். பக்கம் பக்கமாக ஒட்டி நாடா போல இருக்கும். நாங்கள் அதை ரிப்பன் என்போம். எந்த இழையில் சேதி வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூன்றாம் இழை என்றால் துகள் கீழ்ப்பக்கம் போனது, பத்தாம் இழை என்றால் மேல்பக்கம் போனது. நம்பர் மாறினால், தரையில் போனதைக் கூரையில் போனதாக எழுதிவிடுவார்கள். பெரிய படிப்பு படித்த நூறு பேர் உட்கார்ந்து அது ஏன் கூரைக்குப் போனது என்று காரணம் தேடுவார்கள். கண்டுபிடித்தும் விடுவார்கள். அதுதான் பயமே.

இத்தனை பெரிய விஞ்ஞானம் நடப்பது விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில். தூசி புகக்கூடாத எங்கள் 'க்ளீன் ரூம்' ஒரு காலத்தில் யாருடைய படுக்கையறையோ. கதவைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் திரை போட்டிருக்கிறோம். வியாழக்கிழமை கோயிலில் கூட்டம் அலைமோதும். மெழுகுவர்த்திப் புகையும், தெருவில் பொரிக்கும் பஜ்ஜி வாசனையும், எங்கள் ஸ்பிரிட் வாசனையும் மாடியில் ஒன்றாகக் கலக்கும். இழையின் முனையில் ஒரு தூசி விழுந்தால் ஒளி தடுமாறும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். பஜ்ஜிப் புகையைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை.

வெளிநாட்டு அம்மையார் எட்டுப் பெட்டிகளைச் சோதித்து வாங்க வருகிறார் என்றதும், ராகவேந்திரா சார் காலண்டரைப் பார்க்காமல் வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டார். அம்மையார் ஆட்டோவை விட்டுவிட்டுக் கூட்டத்தில் நடந்து வந்தார். வரும்போது கையில் ஒரு நீள மெழுகுவர்த்தி. யாரோ விற்றுவிட்டார்கள். அதை என் சோதனை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார்.

ஸ்வல்ப அட்ஜஸ்ட்

எங்கள் கம்பெனியில் நாங்கள் நான்கு பேர்தான் முக்கியம். ராகவேந்திரா சார் முதலாளி. சிவாஜிநகர் அஸ்லாம் பாய், ரிப்பனைப் பொருத்தி, முனையைத் துடைத்து, பெட்டியை மூடுபவர். முன்னே டி.வி. ரிப்பேர் பார்த்தவர், கை கொஞ்சமும் ஆடாது. நாமக்கல்லிலிருந்து வந்த மலர்விழி, பெட்டிக்குள் ஓடும் ப்ரோகிராம் எழுதுபவள். சேர்ந்து ஐந்து மாதம், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. நான் நிர்மலா. சோதனை மேஜை என்னுடையது. நான் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும்.

எங்கள் எல்லாருக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி." கொஞ்சம் அனுசரித்துப் போங்கள். இந்த ஊர் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் உட்காருவது இந்த மந்திரத்தால்தான். நாங்கள் இதை விஞ்ஞானத்திலும் சாதித்தோம்.

ரிப்பன் வாங்கியது ராகவேந்திரா சார். வழக்கமான ஆளிடம் சொல்லியிருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும். சார் யார் மூலமோ நாலே நாளில் வரவழைத்துவிட்டார். ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். "நோடி நிர்மலம்மா, அதே ஐட்டம். நாலு நாள்ல பந்த்பிட்டது!" வந்துவிட்டதாம்.

வந்தது அதே ஐட்டம் இல்லை. ஒரு முனையில் ஒன்று என்றால் மறுமுனையில் பன்னிரண்டு. அதாவது முழுக்கத் தலைகீழ். முதல் நாளே என் மேஜையில் தெரிந்துவிட்டது.

போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய தப்பை அவரிடம் சொல்வது என்பது லேசான காரியமில்லை. ஒருமுறை ஒரு ஸ்க்ரூ சைஸ் தப்பு என்று சொன்னதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் வீட்டம்மா போன் பண்ணி, "சாருக்கு பி.பி. ஏறிடுச்சு, யாரு ஏன் ஹேளித்ரி?" என்று, அதாவது யார் என்ன சொன்னீர்கள் என்று, என்னைக் குடைந்தார். ஸ்க்ரூவுக்கே இந்தப் பாடு என்றால் ரிப்பனுக்கு ஆம்புலன்ஸ்தான் வர வேண்டும்.

ஆகவே அட்ஜஸ்ட் செய்தேன். என் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் உண்டு. எந்த இழைக்கு எந்த நம்பர் என்று காட்டுவது. அதில் ஒன்றைப் பன்னிரண்டு என்றும் பன்னிரண்டை ஒன்று என்றும் மாற்றி எழுதினேன். திரையில் எல்லாம் சரியாகிவிட்டது. மூன்றில் கொடுத்தால் மூன்று எரிந்தது. பிறகு ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏழு பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஆற அமர நேரமே வரவில்லை. அது வரக்கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

எட்டாவது பெட்டி, அம்மையாருக்குக் காட்டப்போகும் பெட்டி. அதைத் திங்கட்கிழமை என் மேஜையில் வைத்து ஓட்டினேன். பிரமாதமாக வந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

மலர்மேல் விழுந்தது

இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம். மூன்று, பத்தில் எரிந்துகொண்டிருக்கிறது.

ராகவேந்திரா சார் சிரிப்பை நிறுத்திவிட்டு என் சோதனை அறிக்கையை எடுத்து அம்மையாரிடம் நீட்டினார். அதில் மூன்றுக்கு மூன்று, பத்துக்குப் பத்து. கீழே என் கையெழுத்து, அழகாகச் சுழித்துப் போட்டது.

"ஹார்ட்வேர் ஃபர்ஸ்ட் க்ளாஸ் மேடம். இது ப்ரோகிராம் ப்ராப்ளம்" என்றார். பிறகு மலர் பக்கம் திரும்பினார். "ஏனம்மா, நீ ஏதாவது மாத்தினியா?"

மலர் என்னைப் பார்த்தாள். "மாத்தினேன் சார். போன வெள்ளிக்கிழமை. ரிப்பன் தலைகீழா வருது சார். அதான் ப்ரோகிராம்ல திருப்பி விட்டேன். எட்டுப் பெட்டிக்கும் ஏத்திட்டேன்."

"ரிப்பன் தலைகீழா? நான் வாங்கின ரிப்பன்?"

"நான் என் கண்ணால பாத்தேன் சார்."

"அப்போ ஏன் யார்கிட்டயும் சொல்லலே?"

அவளும் இந்தக் கம்பெனியில் ஐந்து மாதம் இருந்துவிட்டாளே, பாடம் படித்துக்கொண்டாள்.

"எடு அதை" என்றார். மலர் கீபோர்டில் தட்டினாள். திருப்பி வைத்ததை எடுத்தாள். அம்மையார் மூன்றில் சொருகினார். திரையில் மூன்று எரிந்தது.

ராகவேந்திரா சாருக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா மேடம்? நான் சொல்லலையா?" என்று துள்ளினார். பிறகு மலரிடம் குரலைத் தாழ்த்தி, "மிச்ச ஏழுலயும் அதை எடுத்துட்டு, மேஜையைக் காலி பண்ணு தாயி. நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார்.

"சார், ரிப்பன் தலைகீழாத்தான் சார் இருக்கு! நிர்மலாக்காவைக் கேளுங்க சார்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ரிப்பன் தலைகீழ் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் மலர் திருப்பியதுதான் சரி. அதை எடுத்த பிறகு எப்படி மூன்று மூன்றில் எரிகிறது? புரியவே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. அந்தப் பெண் உண்மை சொல்கிறாள், அதற்கு இந்த அறையில் நான் ஒருத்திதான் சாட்சி, என் கையெழுத்தோ அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. பட்டியலைத் திருத்த எனக்கு அரை நிமிஷம் போதும்.

ஐம்பது வயதில் வேலை போனால் எவன் கூப்பிடுவான்? அப்பாவுக்கு மருந்து, வீட்டு வாடகை, எல்லாம் கண் முன்னே வரிசை கட்டி நின்றன. பாழாய்ப்போன மனசு, அதே நேரத்தில் சினிமா முனுசாமியையும் கொண்டுவந்து நிறுத்தியது.

பித்தளை வில்லை

இந்தத் தொடரின் ஆரம்ப வாரங்களில் முனுசாமி மாமாவைப் பற்றி எழுதியிருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்ததாக நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக இன்னொரு முறை.

அப்பாவும் முனுசாமி மாமாவும் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் ஒரே ஷிப்ட். அடுத்தடுத்த லைன் வீடு. அந்தக் காலத்தில் சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் சிலர் இரும்புப் பெட்டிகளை அடுக்கி வைத்து ஏதோ துகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரும்பை இறக்கிக் கொடுத்தவர்களில் அப்பாவும் ஒருவர். "என்னப்பா பிடிச்சாங்க?" என்று கேட்டால், "எனக்கு இடுப்புதான் பிடிச்சுது" என்பார். அந்த வகையில் அவரும் எங்கள் துறைதான்.

சுரங்கத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பித்தளை வில்லை. அதில் அவரவர் நம்பர். இறங்கும்போது டைம் ஆபீஸ் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்தும் பலகையில் ஒரு வில்லை தொங்கினால், அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

ஒருநாள் முனுசாமி மாமாவுக்கு மேட்னி ஷோ பார்க்க ஆசை. வேலைக்கும் போனதாக இருக்க வேண்டும், படமும் பார்க்க வேண்டும். அன்று அப்பாவுக்கு லீவு. அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடித் தன் வில்லையைக் கொடுத்து அனுப்பினார். அப்பா முனுசாமி நம்பரில் இறங்கினார்.

அன்று பார்த்துப் பாறை வெடித்தது. தங்கவயலில் அதை ஏர் பிளாஸ்ட் என்போம். எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள், பலகையில் ஒரே ஒரு வில்லை. முனுசாமியின் வில்லை. லைன் முழுக்க அவர் வீட்டு வாசலில் கூடி மாரடித்து அழுதது. படம் பார்த்துவிட்டு வந்து படுத்திருந்த, செத்துப்போன முனுசாமி கதவைத் திறந்து, "என்ன சத்தம்?" என்று கேட்டாராம். இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லாரும் சிரித்தது. எங்கள் வீட்டிலும் ஒவ்வொரு கல்யாணத்திலும் இந்த இடத்தில்தான் சிரிப்போம்.

ஆள் வீட்டில்தான் இருக்கிறான், வில்லையை எடுக்க மறந்துவிட்டான் போல, எண்ணிக்கை சரி என்று தேடப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். அப்பாவின் வில்லை பலகையிலேயே இல்லை. அப்பா உள்ளே இருப்பது உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். முனுசாமி மாமா செருப்புக்கூடப் போடாமல், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டு வாசலுக்கு ஓடினார். "உள்ளே அவன் இருக்கான்! என் நம்பர்ல அவன் இருக்கான்!" என்று கத்தினார். கால் ஒடிந்து கிடந்த அப்பாவை உயிரோடு எடுத்தார்கள். முனுசாமி மாமாவுக்கு வேலை போனது. அப்பாவுக்குப் போகவில்லை.

சினிமா முனுசாமி. அப்பேர்ப்பட்ட சோம்பேறிக்கே இருந்த தைரியம் எனக்கு இல்லாமல் போயிற்றா?

பனியன் கணக்கு

"மலர் சொல்றது நிஜம் சார்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி கேட்டது. "ரிப்பன் தலைகீழாத்தான் வந்துச்சு. நான் என் கம்ப்யூட்டர்ல நம்பரை மாத்தி வச்சுட்டேன். அந்த ரிப்போர்ட் பொய்."

அம்மையாருக்கு ஆங்கிலத்தில் நானே சொன்னேன். பதற்றத்தில் என் ஆங்கிலமும் தலைகீழாகத்தான் வந்தது. அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார்.

உள்புறம் வெளியாகக் கிடக்கும் பனியனை ஒருமுறை திருப்பினால் சரியாகிவிடும். இன்னொரு முறை திருப்பினால் மறுபடி தப்பு. அதே கணக்குதான். ரிப்பன் ஒரு திருப்பு. மலர் ஒரு திருப்பு. இரண்டும் சேர்ந்தால் சரியாக இருக்க வேண்டும். என் பட்டியல் என் கம்ப்யூட்டரோடு சரி, அவர் லேப்டாப்புக்கு அதோடு சம்பந்தமில்லை. "ஆனால் நான் பார்த்தது தப்பாக வந்ததே? அப்படியானால் இன்னும் ஒருவர் திருப்பியிருக்கிறார்" என்றார்.

ஏ.சி. கடகடத்தது.

அஸ்லாம் பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான்தாம்மா" என்றார். "சனிக்கிழமை இந்தப் பெட்டியைத் தொடைக்க எடுத்தேன். ஒண்ணுல லைட்டு அடிச்சா பன்னெண்டுல வருது. அதான் கப்ளரை உல்டா மாட்டிட்டேன். கசம் ஸே, சத்தியமா நல்லதுக்குத்தான் பண்ணேன்."

கப்ளர் என்பது ரிப்பன் வந்து சேரும் வாய். அதைத் தலைகீழாக மாட்டினால் வரிசை திரும்பிவிடும்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்?" என்று கேட்டேன்.

"மத்த ஏழுலயும் உங்க ஸைன் இருந்துச்சேம்மா. உங்களுக்குக் கெட்ட பேரு வருமே!"

மலரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நானும் அதுக்குத்தான்க்கா சொல்லல" என்றாள். ஆக, சார் மனசு நோகக்கூடாது என்று நான், என் மனசு நோகக்கூடாது என்று இவர்கள். இத்தனை நல்லவர்கள் ஒரே மாடியில் இருந்தால் விஞ்ஞானம் எப்படி உருப்படும்?

மீதி ஏழு பெட்டிகளில் பாய் கை வைக்கவில்லை. மலர் திருப்பியது மட்டும் இருந்தது. அம்மையார் அவற்றில் ஒன்றைப் பிரிக்கச் சொன்னார். மேஜைமேல் வைத்து மூன்றில் சொருகினார். திரையில் மூன்று எரிந்தது. பத்தில் சொருகினார், பத்து. மற்ற ஆறையும் பார்த்தார். ஏழுமே சரி. மலர் செய்ததால் சரி. என் ஒரு சோற்றுப் பதம்தான் வேகாத சோறு. நான் வாயை மூடியிருந்தால், சரியாக இருந்த ஏழையும் கெடுத்து, கெடாமல் வைத்திருந்தவளை வீட்டுக்கு அனுப்பி, கைகுலுக்கிப் போட்டோவும் எடுத்திருப்போம்.

அம்மையார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். யார், எங்கே, எப்போது திருப்பினார்கள் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இனி பெட்டியோடு அந்தத் தாளும் வர வேண்டும் என்றார். நான் எழுதினேன். மலர் எழுதினாள். பாய் உருதுவில் கையெழுத்துப் போட்டார். முதல் வரி காலியாக இருந்தது. அது ரிப்பனுக்கானது.

மூன்று பேரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தோம். அது ஓடக்கூட இல்லை. ராகவேந்திரா சார் பேனாவை வாங்கினார், நெற்றியைத் துடைத்தார், நிதானமாக எழுதினார்: 'சப்ளையர்'.

மலருக்கு வேலை தங்கியது. எனக்கும் போகவில்லை. "நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதறீங்களே" என்று சொல்லி, சோதனை மேஜையிலிருந்து எடுத்து, அந்தத் தாள்களை எழுதும் வேலையைக் கொடுத்துவிட்டார். இதை எழுதும் இன்றும் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்டின் டவுனில்

அன்று சாயங்காலம் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது தாண்டிவிட்டது. மூச்சு வாங்கும். ஒடிந்த கால் இன்னும் மழைக்கு வலிக்கும். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "நம்ம சினிமா முனுசாமியை நினைச்சுக்கிட்டேன்ப்பா. அதான் தைரியம் வந்துச்சு" என்று சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. ரிமோட்டைத் தேடி டி.வி.யை அணைத்தார்.

"அவன் சினிமாவுக்குப் போவல நிம்மி."

"என்னப்பா?"

"ஜுரம் அவனுக்கு. போர்வையைப் போத்திக்கினு படுத்துக் கெடந்தான். நான்தான் போய்க் கேட்டேன். மூணு நாளு லேட்டா போனேன்னு என் வில்லையைப் புடிச்சு வச்சிட்டானுங்க. இன்னொரு நாளு போவலன்னா சீட்டைக் கிழிச்சிருவானுங்க. உன் நம்பரைக் குடுடா, இறங்கி மேஸ்திரி கண்ணுல பட்டுர்றேன்னு கேட்டேன். குடுத்தான்."

டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை.

"விசாரணையில கேட்டாங்க. வில்லையைக் கேட்டது யாருன்னு. நான் கால்ல கட்டுப் போட்டு ஆஸ்பத்திரில கெடக்குறேன். நான் கேட்டேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்னு அவனுக்குத் தெரியும். நான்தான் குடுத்தேன், சினிமாவுக்குப் போவணும்னு சொல்லிட்டான். என்னை வந்து கேட்டாங்க. ஆமான்னேன்."

"அப்புறம் நாங்க எல்லாம் சினிமா முனுசாமின்னு..."

"நானுந்தானே சிரிச்சேன்" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் என்மேலேயே திரும்பியது. அந்த வேலையில் வந்த சோற்றைத்தான் நான் தின்று வளர்ந்தேன். முனுசாமி மாமா எங்கள் வீட்டு ஒவ்வொரு விசேஷத்துக்கும் வந்தார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். "மாமா, இப்ப என்ன படம் ஓடுது?" என்று நான் கேட்டிருக்கிறேன், எல்லார் எதிரிலும். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு படத்தின் பேரைச் சொல்லிவிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்து போவார். இறந்து ஆறு வருஷமாகிறது.

வசந்தா வீட்டு வாசல்

அவருடைய மகள் வசந்தா எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். நானும் அவளும் ஒரே வயசு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் உள்ளே வரமாட்டேன் என்றார். வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னார். மூச்சு வாங்கியதால் இரண்டு தடவை நிறுத்தினார்.

வசந்தா கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும் பெரியப்பா" என்றாள். "அப்பா எங்ககிட்ட எப்பவோ சொல்லிட்டாரு. யார்கிட்டயும் வாயைத் தொறக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. உள்ள வாங்க, உட்காருங்க."

அப்பா கதவு நிலையில் தலையைச் சாய்த்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். வசந்தா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அதற்கு முந்தின மாதம் மார்க்கெட்டில் பார்த்தபோது இவள், "உன் தொடர் படிச்சேன், நல்லாத்தான் எழுதுற" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையோடு விறுவிறுவென்று போனது ஞாபகம் வந்தது. நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு வீடுவரைக்கும் பூரித்துக்கொண்டு வந்தேன்.

"மன்னிச்சுக்கோ வசந்தா" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பெரியப்பா என்கிட்ட சொல்லிட்டாரு, சரி. உன் கதையைப் படிச்சுச் சிரிச்சாங்களே அத்தனை பேரு, அவங்ககிட்ட யாரு நிம்மி சொல்றது?"

அதனால்தான் இது ஊறும்வரை காத்திருக்க முடியவில்லை. தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதானே இப்போது என் வேலை. முனுசாமி மாமா அன்று சினிமாவுக்குப் போகவில்லை. அவருக்கு ஜுரம். வில்லையைக் கேட்டது என் அப்பா, சிரிக்க வைத்தது நான்.

நிர்மலா.